பழைய பிரிட்டிஷ் போலீஸ் சின்னங்கள்: முன்பக்கம் விற்கும், பின்பக்கம் பேசும்

லெஸ்டரில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது. ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தையில் (கார் டிக்கியில் பழைய சாமான் பரப்பி விற்கும் சந்தை) 12 பவுண்டு கொடுத்து ஒரு போலீஸ் தொப்பிச் சின்னம் வாங்கியிருக்கிறார். 'ரீடிங் பரோ போலீஸ்' என்று எழுத்து, உச்சியில் கிரீடம், வெள்ளி மாதிரி பளபளப்பு. விக்டோரியா மகாராணி காலத்துப் பொருள் என்று சொல்லித்தான் விற்றாராம் அந்தப் பெரியவர். அது நிஜமா, இதையே தொடர்ந்து சேர்ப்பதென்றால் எங்கே ஆரம்பிப்பது, போலீஸ் சின்னத்தை வீட்டில் வைத்திருந்தால் வம்பு வருமா என்று மூன்று கேள்விகள். கூடவே இரண்டு படங்கள்: முன்பக்கம் தெளிவாக, பின்பக்கம் கலங்கலாக.

நான் பர்மிங்காம் பக்கம் இருக்கிறேன். பழைய காசு சேர்க்கப் போய், வழி தவறி இதில் விழுந்து இருபது வருடம் ஆகிறது. தெரிந்தவரை சொல்கிறேன்.

முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடலாம். உங்கள் சின்னம் விக்டோரியா காலத்தது இல்லை. அதற்காகப் போலி என்றும் சொல்லவில்லை. படத்தில் கிரீடத்தின் மேல் வளைவைப் பாருங்கள், கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி உருண்டு நிற்கிறது. இதைச் சேகரிப்பாளர்கள் 'கிங்ஸ் கிரவுன்' என்பார்கள். விக்டோரியா 1901 ஜனவரியில் இறந்து ஏழாம் எட்வர்டு வந்தபோது டியூடர் கிரீடம் என்ற இந்த வடிவம் அரசுச் சின்னங்களுக்கெல்லாம் பொதுவானது. ஆறாம் ஜார்ஜ் 1952இல் இறக்கும்வரை இதே வடிவம்தான். எலிசபெத் வந்ததும் செயின்ட் எட்வர்டு கிரீடத்துக்கு மாற்றினார்கள். அதில் வளைவு நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு பக்கமும் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அது 'குயின்ஸ் கிரவுன்'. இந்த இரண்டையும் பத்து முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள்.

அடுத்தது அந்தப் பளபளப்பு. அது வெள்ளியும் இல்லை, பழைய 'ஒயிட் மெட்டல்' கலவையும் இல்லை. நீலம் ஓடிய கண்ணாடிப் பளபளப்பு குரோமியம் முலாமுக்கு மட்டும்தான் வரும். குரோம் முலாம் கடைச்சரக்காக ஆனதே 1920களின் பிற்பாதியில்தான். போலீஸ் சின்னங்களில் அது 1930களில் பரவியது. காரணம் ரொம்ப எளிது: குரோமை தினமும் பாலிஷ் போட வேண்டியதில்லை. ஆக, கிரீடம் 1952க்கு முந்தியது, முலாம் 1930ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ. இரண்டையும் சேர்த்தால் உங்கள் சின்னத்துக்கு வயது கிட்டத்தட்ட எண்பது. ஒரு சின்ன எச்சரிக்கை: ராணி பட்டத்துக்கு வந்த அன்றே நாடு முழுவதும் தொப்பியைக் கழற்றி மாற்றிவிடவில்லை. கையிருப்பு தீரும்வரை பழைய கிரீடம் ஓடியது. அதனால் 1950களின் நடுப்பகுதி வரைக்கும் இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள். குரோம் போட்ட 'விக்டோரியா கிரீடம்' கண்ணில் பட்டால், யாரோ பின்னால் முலாம் ஏற்றியிருக்கிறார்கள் அல்லது மொத்தமும் புதிது. இரண்டுமே வேண்டாம்.

இதில் இப்போது ஒரு புதுச் சிக்கல் வேறு. மூன்றாம் சார்லஸ் 2022இல் தன் முத்திரைக்கு மறுபடி டியூடர் கிரீடத்தையே எடுத்துக்கொண்டார். இனி வரும் சின்னங்களிலும் அதே உருண்டை வளைவு. இன்னும் இருபது வருடத்தில் ஏதோ ஒரு சந்தையில் இவற்றை ஆறாம் ஜார்ஜ் காலத்தது என்று ஒருவர் விற்கத்தான் போகிறார்.

சரி, ஊருக்கு ஒரு சின்னம் எதற்கு? நம் ஊரில் மாநிலத்துக்கு ஒரு காவல்துறை, ஒரு சீருடை. அந்தப் பழக்கத்தில் பார்த்தால் பிரிட்டன் விசித்திரமாகத்தான் தெரியும். 1829இல் ராபர்ட் பீல் லண்டனுக்கு மெட்ரோபாலிட்டன் போலீஸைக் கொண்டுவந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் அது லண்டனுக்கு மட்டும். அதிலும் நடுவில் இருக்கும் ஒரு சதுர மைல், அதாவது சிட்டி ஆஃப் லண்டன், 'எங்களுக்கு நாங்களே' என்று 1839இல் தனிப் படை வைத்துக்கொண்டது, இன்றும் வைத்திருக்கிறது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் பரோ என்ற அந்தஸ்து பெற்ற நகரங்களைத் தத்தம் செலவில் போலீஸ் வைக்கச் சொன்னது. கவுண்டிகள், அதாவது நம் மாவட்டம் மாதிரியான பகுதிகள், வைக்கலாம் என்றது 1839ஆம் ஆண்டுச் சட்டம், வைத்தே ஆக வேண்டும் என்றது 1856ஆம் ஆண்டுச் சட்டம். விளைவு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட படைகள். பத்துப் பேர்கூட இல்லாத போலீஸ் படைகள் இருந்திருக்கின்றன. அந்தப் பத்துப் பேருக்கும் ஒரு தனிச் சின்னம், தனிப் பட்டன். நகரசபைக்காரர்களுக்குத் தங்கள் ஊர்க் கேடயத்தைக் கான்ஸ்டபிள் நெற்றியில் பார்ப்பதில் ஒரு பெருமை. அந்தப் பெருமைக்குப் பணம் கட்டியது அந்த ஊர் வரிப்பணம், லாபம் பார்த்தது பர்மிங்காம் பட்டறைகள்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் செத்தன. இரண்டாம் உலகப் போரின் நடுவே, தெற்குப் பகுதியில் பொறுப்பு ஒரே கையில் இருக்கட்டும் என்று 1943 ஏப்ரலில் பல ஊர்ப் படைகளைக் கவுண்டியோடு சேர்த்தார்கள். கென்ட்டில் மட்டும் கேன்டர்பரி, டோவர், ஃபோக்ஸ்டன், மெய்ட்ஸ்டன், மார்கேட் என்று ஒன்பது ஊர்ப் படைகள் ஒரே நாளில் முடிந்தன. 1947இல் இன்னொரு பெரிய அறுவடை. 1964ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் மிச்சமிருந்த 117 படைகளை 49 ஆக்கியது. உங்கள் ரீடிங் பரோ போலீஸ் 1836இல் பிறந்து, 1968 ஏப்ரல் 1 அன்று ஆக்ஸ்ஃபோர்டு, பெர்க்‌ஷயர், பக்கிங்ஹாம்ஷயர் படைகளோடு கலந்து தேம்ஸ் வேலி ஆனது இந்த அலையில்தான். 1974 ஏப்ரலில் கடைசி வெட்டு, 43 ஆயிற்று. இன்றும் அதே 43தான்.

இந்தத் தேதிகளை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தப் பொழுதுபோக்கில் பூதக்கண்ணாடியைவிட இவை உதவும். சில படைகள் ரொம்பக் கொஞ்ச நாள்தான் வாழ்ந்தன. மான்செஸ்டர் அண்ட் சால்ஃபோர்ட் போலீஸ் 1968 முதல் 1974 வரை, ஆறே வருடம். டீஸைட் கான்ஸ்டபுலரியும் அதே 1968இல் பிறந்து அதே 1974இல் போனது. மிட்-ஆங்கிலியா கான்ஸ்டபுலரி 1965இல் வந்தது, 1974இல் பெயர் மாறி கேம்பிரிட்ஜ்ஷயர் ஆனது. இவை எல்லாமே முழுக்க எலிசபெத் காலம். ஆக, இந்தப் பெயர்களில் ஒன்றின் மேல் உருண்டை வளைவுக் கிரீடம் உட்கார்ந்திருந்தால் வாயைத் திறக்காமல் தட்டில் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்க வழியே இல்லை. நான் ஒரு பர்ஸ் அளவு நோட்டில் படைப் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம் என்று மூன்று பத்தி எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அது காப்பாற்றிய பணத்தில் பாதி சேகரிப்பு வாங்கியிருக்கிறேன்.

பொருள்களைப் பற்றியும் கொஞ்சம். பிரிட்டிஷ் கான்ஸ்டபிள் என்றால் நமக்கு ஞாபகம் வருவது அந்த உயரமான ஹெல்மெட். மெட்ரோபாலிட்டன் போலீஸ் 1863இல்தான் அதற்கு மாறியது. அதுவரை அடுப்புக் குழாய் மாதிரி உயரத் தொப்பி, அதில் சின்னமே கிடையாது, எண்ணெல்லாம் காலரில். ஹெல்மெட்டின் முன்னால் இருக்கும் பெரிய சின்னம் ஹெல்மெட் பிளேட். தட்டைத் தொப்பிக்கு வரும் சிறியது கேப் பேட்ஜ். தெருவில் நடக்கும் கான்ஸ்டபிள் ஹெல்மெட்தான் போட்டார். தட்டைத் தொப்பி நெடுங்காலம் அதிகாரிகளுக்கும், பிறகு வண்டியில் ரோந்து போனவர்களுக்கும். அதனால் சின்ன ஊர்ப் படைகளில் பழைய கேப் பேட்ஜ் மிகக் குறைவாகவே அடிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான ஹெல்மெட் பிளேட்டுகள் எட்டு முனை பிரன்ஸ்விக் நட்சத்திர வடிவம், நடுவில் ஊர்க் கேடயமோ மன்னர் முத்திரையோ. விக்டோரியா கால மெட்ரோபாலிட்டன் பிளேட் மட்டும் வேறு ஜாதி: நட்சத்திரத்துக்குப் பதில் இலை வளையம், நடுவில் அந்தக் கான்ஸ்டபிளின் எண்ணும், அவர் எந்த வட்டாரத்துக்காரர் என்று காட்டும் டிவிஷன் எழுத்தும்.

அந்த டிவிஷன் எழுத்தில் ஒரு பேய் குடியிருக்கிறது. ஹெச் டிவிஷன் என்றால் வைட்சேப்பல். ஜாக் தி ரிப்பர் என்று பெயர் வாங்கிய கொலைகாரன் அங்கே செய்த 1888 கொலைகளின் புண்ணியத்தில் ஹெச் போட்ட எது வந்தாலும் விலை எகிறும். எகிறுகிற இடத்தில் கள்ளச் சரக்கும் வரும். காலர் எழுத்து ஒன்று கழற்றி இன்னொன்று மாட்டுகிற சமாசாரம், பக்கத்து டிவிஷன் எழுத்தை எடுத்துவிட்டு ஹெச் மாட்ட ஐந்து நிமிடம் போதும். வைட்சேப்பல் ஆசை இருந்தால் சின்னத்தை விட்டுவிட்டு மெடல் தேடுங்கள். விக்டோரியாவின் 1887, 1897 ஜூபிலிகளுக்கு மெட்ரோபாலிட்டன் போலீஸுக்குக் கொடுத்த மெடல்களின் விளிம்பில் பதவி, பெயர், டிவிஷன் மூன்றும் பொறித்திருக்கும். ஆவணத்தோடு ஒத்துப் பார்க்கலாம். இன்னொன்று, அந்தக் கொலைகளில் ஒன்று, மைட்டர் ஸ்கொயரில் நடந்தது, சிட்டி போலீஸ் எல்லைக்குள். சிட்டி ஹெல்மெட்டுக்கு உச்சியில் சேவல் கொண்டை மாதிரி முகடு ஓடும், மெட்ரோபாலிட்டனுக்கு ரோஜா வடிவக் குமிழ். படங்களில் இதைக் கலந்தடிக்காத சினிமாக்காரர்கள் குறைவு.

கறுப்பு பிளேட் என்று ஒன்று உண்டு. இரவுப் பணிக்காக. தெருவிளக்கு வெளிச்சத்தில் சின்னம் மின்னினால் திருடன் ஓடிவிடுவான் என்று, அதே பிளேட்டைக் கறுப்பாக்கி இரவுக்கு மாட்டிக்கொள்வார்கள். என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. இருந்தது என்று ஏன் சொல்கிறேன்? அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் இருந்தபோது, நான் வேலைக்குப் போன ஒரு பகலில், 'இவ்வளவு அருமையா வாங்கி வெச்சிருக்க, ஒண்ணு மட்டும் கறுத்துப் போய்க் கிடக்குதே' என்று புளியைக் கரைத்துக் கம்பி நார் போட்டு விளக்கிவிட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் பூஜை அறைக் குத்துவிளக்கு மாதிரி ஜொலிக்கிறது. என்ன சொல்ல முடியும்? 'நல்லா இருக்கும்மா' என்றேன். அந்தப் பிளேட்டை இன்றும் முன்வரிசையில்தான் வைத்திருக்கிறேன், விலைக்காக அல்ல. நீங்கள் மட்டும் புளி, எலுமிச்சை, பிராஸோ மாதிரி உலோகப் பாலிஷ் எதையும் தொடாதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ், உடனே ஈரம் போகத் துடைப்பது. அதற்கு மேல் செய்வதெல்லாம் சேதம். வைப்பதற்கும் அந்த வாசனை அடிக்கும் மலிவு பிவிசி ஆல்பம் வேண்டாம், அது பித்தளையைப் பச்சையாக்கும்.

இப்போது பின்பக்கம். நான் படத்தைத் திரும்பக் கேட்கப் போவதே இதற்காகத்தான்.

தமிழில் காசு 'அடிக்கிறோம்', சிலை 'வார்க்கிறோம்'. இரண்டு வேலைக்கும் வினையே வேறு. நல்ல சின்னம் காசு மாதிரி: தகட்டை இரும்பு அச்சுக்கு நடுவே வைத்து ஓங்கி அடித்தது. முன்னால் மேடாக இருப்பதெல்லாம் பின்னால் பள்ளமாகத் தெரியும், எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். கள்ளச் சின்னம் பெரும்பாலும் சிலை மாதிரி: அசலை வைத்து அச்செடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றியது. பின்பக்கம் தட்டையாகவோ, ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப் பொடிக் குழிகளோடோ இருக்கும். கையில் எடுத்தால் கனம் அதிகம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருக்கும். கிரீடத்தின் முத்துகளும் எழுத்தின் ஓரங்களும் சோப்பில் செதுக்கி ஒரு வாரம் குளித்த மாதிரி மழுங்கியிருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் எனக்கு ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி மேல் ஒரு மயக்கம். 1836இல் அமைந்த படை, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஃபீனியன் எழுச்சியை அடக்கியதற்காக 1867இல் 'ராயல்' பட்டம், அயர்லாந்து பிரிந்த 1922இல் கலைப்பு. யாழும் கிரீடமும் சேர்ந்த அழகான சின்னம். ஒரு பழம்பொருள் கண்காட்சியில் ஒன்று கிடைத்தது. நன்றாகத் தேய்ந்து, இடது பக்கம் யாழின் கீழே ஆணி கிழித்த மாதிரி சாய்வான ஒரு கீறல். அந்தக் கீறலைப் பார்த்துத்தான் நம்பினேன். எந்தத் தெருச்சண்டையில் வாங்கியதோ என்று கற்பனை வேறு. ஒன்றரை மாதம் கழித்து வேறு ஊர், வேறு மேஜை. அதே சின்னம். அதே இடத்தில் அதே கீறல். எனக்கு வியர்த்துவிட்டது. அசலில் இருந்த காயம் அச்சுக்குள் போய், அதில் ஊற்றிய ஒவ்வொரு குட்டியும் அதே காயத்தோடு பிறந்திருக்கிறது. விற்றவருக்கே தெரிந்திருக்காமலும் இருக்கலாம், அவரும் யாரிடமோ ஏமாந்திருப்பார். அந்தப் படைக்கு, குறிப்பாக 1920இல் அதில் புதிதாகச் சேர்க்கப்பட்ட பிளாக் அண்ட் டான்ஸ் என்ற ஆட்களின் கதைகளுக்கு, இருக்கும் கிராக்கியால் கள்ளச் சரக்கு அங்கே கொட்டிக் கிடக்கிறது. புதிதாக வருகிறவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆசை இருந்தால் ஐந்து வருடம் கழித்துப் போங்கள்.

வார்ப்பைக் கண்டுபிடிப்பது பழகிவிடும். கஷ்டம் மறு அடிப்பில். பழைய பட்டறை மூடும்போது அச்சுகள் கைமாறிப் போயிருக்கும், அதே அச்சில் இன்று புதுத் தகடு வைத்து அடித்தால் முன்பக்கத்தில் குறை சொல்லவே முடியாது. அங்கேதான் காது பேசும். காது என்றால் பின்னால் பற்றவைத்த இரண்டு மூன்று கம்பி வளையங்கள், அதற்குள் கொண்டி ஊசி செருகித் தொப்பியோடு பிடிப்பார்கள். காதுக்குப் பதில் சிலவற்றில் செங்குத்தாக ஒரு நாக்கு, ஹெல்மெட் பிளேட்டில் பின்னாளில் திருகும் நட்டும். இருபது முப்பது வருடம் ஊசி உரசிய காதின் உட்புறம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்க வேண்டும். பற்றாசு மங்கிப் போய், சுற்றிலும் பழைய பாலிஷ் காய்ந்து வெள்ளையாகவோ பச்சைக் களிம்பாகவோ ஒட்டியிருக்க வேண்டும். முன்பக்கம் தாத்தா மாதிரித் தேய்ந்தும் பின்பக்கம் பேரன் மாதிரிப் புத்தம்புதிதாகவும் இருந்தால் ஏதோ சரியில்லை. அழுக்கையும் பாருங்கள். உண்மையான தேய்மானத்தில் மேடு வழவழ, பள்ளம் அழுக்கு. அமிலம் பூசி வயசாக்கியதில் மேடு பள்ளம் பார்க்காமல் எல்லா இடமும் ஒரே கறுப்பு.

செய்தவர் பெயர் சில சமயம் பின்னால் இருக்கும்: ஜே. ஆர். காண்ட், ஃபர்மின், டௌலர், ஹாப்சன். பெயர் இருந்தால் நல்லது, ஆனால் பெயரையும் சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள். எனவே பெயரைப் படிப்பதைவிட எழுத்தின் கூர்மையைப் பாருங்கள். இவர்கள் உள்ளூருக்கு மட்டும் அடிக்கவில்லை. இலங்கை, மலாயா, இந்தியா என்று காலனிப் போலீஸ் படைகளுக்கும் பட்டனும் சின்னமும் இங்கிருந்துதான் கப்பலேறின. காலனி அதிகாரிகள் பலருக்கு டப்ளின் ஃபீனிக்ஸ் பார்க்கில் அந்த ஐரிஷ் படையின் டெப்போவில்தான் பயிற்சி. 'சிலோன் போலீஸ்' பட்டன் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, நான் தினமும் பஸ்ஸில் கடக்கிற ஊரின் பெயரைப் படித்தபோது கொஞ்ச நேரம் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஸ்காட்லாந்து தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே முள்பூவும் 'எப்போதும் விழிப்பு' என்று பொருள்படும் 'செம்பர் விஜிலோ' என்ற லத்தீன் வரியும் போட்ட பொதுச் சின்னம் வந்ததால், ஊருக்கு ஊர் வேறுபாடு சேர்ப்பவர்களுக்கு அதற்கு முந்தைய காலமே தீனி. தொப்பியைச் சுற்றிய கறுப்பு வெள்ளைக் கட்டம் போலீஸ் தலைவர் பெர்சி சில்லிட்டோ கிளாஸ்கோவில் 1930களில் கொண்டுவந்தது, இன்று உலகத்தில் பாதிப் போலீஸ் அதைத்தான் கட்டிக்கொண்டு திரிகிறது. 2013இல் ஸ்காட்லாந்தின் எட்டுப் படைகளும் ஒன்றாகிவிட்டன. வேல்ஸ் சின்னங்களில் 'ஹெத்லி' என்று வாசிக்கும் வெல்ஷ் சொல்லைப் பார்த்து ஊர்ப் பெயர் என்று நினைக்காதீர்கள், போலீஸ் என்றுதான் அர்த்தம்.

எங்கே ஆரம்பிப்பது? எல்லாவற்றையும் வாங்கினால் இரண்டு வருடத்தில் டப்பா நிறையும், அலுப்பும் வரும். உங்கள் கையில் ரீடிங் இருக்கிறது. அதையே பிடித்துக்கொள்ளுங்கள். 1968இல் தேம்ஸ் வேலியாகக் கலந்தவை ஐந்து: பெர்க்‌ஷயர், பக்கிங்ஹாம்ஷயர், ஆக்ஸ்ஃபோர்டுஷயர், ஆக்ஸ்ஃபோர்டு நகரம், ரீடிங் பரோ. ஒவ்வொன்றிலும் ராஜா கிரீடம் ஒன்று, ராணி கிரீடம் ஒன்று, ஒரு காலர் சின்னம், ஒரு பட்டன். கடைசியாகத் தேம்ஸ் வேலி ஒன்று. இது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கும், சில வருடம் இழுக்கும், முடித்தால் ஒரு வட்டாரத்தின் நூறு வருடக் கதை கையில் இருக்கும். ராணி கால குரோம் சின்னங்கள் ஒரு சாப்பாட்டு விலைக்குள் கிடைக்கும், அவற்றில் கைப்பழக்கம் பண்ணுங்கள். ராஜா கிரீடம் நிதானமாக வரட்டும்.

காசு ரொம்பக் குறைவு என்றால் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் என்ற தன்னார்வப் போலீஸின் கோட்டு மடிப்புச் சின்னங்கள் இருக்கின்றன. முதல் உலகப் போரில் போலீஸ்காரர்கள் முன்னணிக்குப் போனபோது கடைக்காரர், ஆசிரியர், குமாஸ்தா எல்லாம் சம்பளமில்லாமல் ரோந்து போனார்கள். சீருடை இல்லாததால் கையில் ஒரு பட்டை, கோட்டுப் பொத்தான் துளையில் ஒரு சின்னம். எனாமல் போட்ட சிறிய அழகான பொருள்கள், கவுண்டிக்குக் கவுண்டி வேறு வடிவம், கள்ளமும் குறைவு, ஏனென்றால் இவற்றைக் கள்ளமாகச் செய்தால் கட்டுபடியாகாது. விசில் இன்னொரு நல்ல வாசல். 1880கள் வரை கான்ஸ்டபிள் கையில் இருந்தது மரக் கிலுகிலுப்பை. பிறகு பர்மிங்காம் ஜோசப் ஹட்சனின் விசில் வந்தது. அவர் கடை இடம் மாற மாற விசிலில் பொறித்த முகவரியும் மாறியது, 'பார் ஸ்ட்ரீட்' என்று இருக்கிறதா வேறா என்று பார்த்தே காலத்தைச் சொல்லலாம். குண்டாந்தடி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். வண்ணம் தீட்டிய விக்டோரியா கால தடி என்று விற்பதில், தடி பழசாக இருக்கும், வண்ணம் போன வருடத்ததாக இருக்கும்.

மூன்றாவது கேள்வி, சட்டம். 1996ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 90ஆம் பிரிவு, போலீஸ் இல்லாதவர் போலீஸ் சீருடைப் பொருளை வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. சின்னமும் அதில் அடக்கம். ஆனால் முறையாகக் கையில் வந்தது, முறையான காரணத்துக்காக வைத்திருக்கிறேன் என்று நீங்கள் காட்டிவிட்டால் குற்றமில்லை. 1968இல் செத்த படையின் சின்னத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. மாட்டிக்கொண்டு தெருவில் இறங்காதீர்கள். இன்றைய படைகளின் சின்னத்தையும், எந்தக் காலத்தது என்றாலும் வாரண்ட் கார்டு எனும் போலீஸ் அடையாள அட்டையையும் வாங்காதீர்கள். அவை எங்கிருந்து வெளியே வந்தன என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. வாங்கிய இடம், தேதி, விலை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சின்னத்தோடு வையுங்கள். கார் பூட் சந்தையில் ரசீது கிடைக்காது, உங்கள் கையெழுத்துச் சீட்டாவது இருக்கட்டும்.

அசலைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டுமானால் மான்செஸ்டரில் நியூட்டன் ஸ்ட்ரீட்டில் போலீஸ் அருங்காட்சியகம், இங்கே பர்மிங்காமில் ஸ்டீல்ஹவுஸ் லேன் பழைய லாக்கப், இரண்டும் லெஸ்டரிலிருந்து ரயிலில் போய்த் திரும்பும் தூரம்தான். திறந்திருக்கும் நாளை மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

உங்கள் ரீடிங்குக்கு வருகிறேன். ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், ஃபிளாஷ் இல்லாமல், சின்னத்தைச் சற்றுச் சாய்த்துப் பின்பக்கம் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல். காது இரண்டையும் தனித்தனியாக, முடிந்த அளவு நெருங்கி. நீங்கள் அனுப்பிய கலங்கல் படத்தில் வலது காதைச் சுற்றி ஒரு பளிச்சென்ற பொட்டு தெரிகிறது. புதுப் பற்றாசாக இருக்கலாம், ஒடிந்த காதை எப்போதோ ஒருவர் சரிசெய்ததாகவும் இருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் 12 பவுண்டுக்கு நல்ல பேரம்.